விறகு பொறுக்கப் போனவள்

சிவகாசி,
மே 9

அன்புள்ள ஓவியா,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பத்து நாள் எழுத்துப் பயிற்சி முகாமில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உன் தயிர்சாதத்தில் பாதியைத் தின்றவள் நான். உனக்கு இப்படி எழுதினால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. ஆனால் முகாம் நடத்திய சபரிநாதன் சார் விடமாட்டார். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு நீ, உனக்கு நான். ஆளுக்கு இரண்டு கடிதமாவது கையால் எழுதித் தபாலில் போட வேண்டும், நோட்டில் ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும், அதுவரை போனில் பேசக் கூடாது, நம்பரைக்கூட வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. உன் வீட்டில் இருப்பதே உன் அம்மா வேலைக்குக் கொண்டுபோகும் ஒரு போன்தான் என்பதால் உனக்கு இந்தத் தண்டனை பாதிதான்.

தலைப்பைப் பார்த்தாயா? 'எங்கள் வீட்டுச் சோறு வருகிற இடம்.' நான் எதை எழுதுவது? அப்பாவின் ஆபீஸில் ஏசி இருக்கிறது, பெரிய காலண்டர் இருக்கிறது, வருகிறவர்களுக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுப்பார்கள். பட்டாசு செய்கிற ரூம் பக்கம் நான் போனது ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும்தான். அன்றைக்கு எல்லாக் கதவிலும் மாலை போட்டு, தரையைக் கழுவிவிட்டிருப்பார்கள். முகாமில் என் கட்டுரையைப் படித்துவிட்டு சார், "சுத்தமா இருக்கும்மா, ஆனா ஆளே இல்லையே" என்றார். உன்னுடையதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு வயிறு எரிந்தது.

கடைசி நாள் சாப்பாட்டில் உன் அம்மா எங்கள் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார் என்று தெரிந்ததும் நீ பேச்சை மாற்றிவிட்டாய். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. முதலாளி மகள் என்று நினைத்து எழுதாதே, கீர்த்திகா என்று நினைத்து எழுது. நான் பார்க்காத அந்த ரூமை நீ எனக்குக் காட்டு.

உன்
கீர்த்திகா


ஆலங்குளம்,
மே 14

கீர்த்திகா,

எனக்கும் அந்த 'அன்புள்ள' வரவில்லை. விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைத் தபால்காரர் எங்கள் தெருவில் நாலு வீட்டில் விசாரித்துக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கடிதம், பேங்க் நோட்டீஸ் நீங்கலாக. அப்பா கல்குவாரியில் சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றிவிட்டு வந்தவர், கைகூடக் கழுவாமல் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

பேரோடு எழுதினால்தான் ஆள் கண்ணுக்குத் தெரியும் என்று சார் சொன்னார். எழுதுகிறேன். எங்கள் அம்மா பேர் வேலுத்தாய். காலையில் ஆறரைக்குக் கம்பெனி வேன் வரும். வேலுத்தாய் பட்டாசுக் குழாயில் மருந்து செலுத்துகிற ரூமில் இருக்கிறாள். சாயங்காலம் வரும்போது முழங்கை வரை வெள்ளி பூசினாற்போல அலுமினியப் பவுடர் இருக்கும். மூன்று தடவை சோப்புப் போட்டாலும் நகத்தடியில் நிற்கும். அந்தக் கையால்தான் எனக்குத் தயிர்சாதம் கட்டித் தருகிறாள். நீ தின்றதும் அதுதான்.

ரூமில் நாலு பேர் உட்காரலாம் என்று கதவில் எழுதியிருக்கிறதாம். சீசன் ஆர்டர் வந்துவிட்டால் பதினொரு பேர். சோதனைக்கு வருகிற ஆபீசர் ஜீப் ரோட்டில் திரும்பினால் வாட்ச்மேன் மூன்று விசில் கொடுப்பார். உடனே கம்பெனி நோட்டில் பேர் இருக்கிற நாலு பேர் தவிர மற்றவர்கள் பின்பக்கமாக ஓடைக்குப் போய்க் கருவேல மரத்தடியில் உட்கார வேண்டும். போர்மேன் எல்லாருக்கும் ஒரு முழம் கயிறு கொடுத்து வைத்திருக்கிறார். "ஆரு கேட்டாலும் விறகு பொறுக்க வந்தோம்னு சொல்லுங்க. வேற வார்த்தை வாயில வரப்படாது" என்பது அவர் பாடம். போன மாதம் ஆபீசர் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார் என்று மூன்று மணி நேரம் வெயிலில் இருந்திருக்கிறார்கள். அம்மா அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். "நான் பொறுக்குன விறகை வித்திருந்தா இந்நேரம் மாடி வீடு கட்டிருக்கலாம்ட்டீ."

எனக்குச் சிரிப்பு வராது. அந்த ரூமின் பின் ஜன்னலை ஆணி அடித்து மூடியிருக்கிறார்கள் என்றும் ஒருநாள் அவள்தான் சொன்னாள்.

இதைப் படித்துவிட்டு உன்னிடமே வைத்துக்கொள். சாரிடம் கொடுக்கும்போது நான் வேறு மாதிரி எழுதித் தருகிறேன்.

ஓவியா


சிவகாசி,
மே 19

ஓவியா, ஓவியா!

திட்டாதே. முதலில் முழுதாகப் படி.

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆயுத பூஜை மாலைகளுக்குப் பின்னால் ஆணி அடித்த ஜன்னல் இருந்திருக்கிறது, நான் சுண்டல் தின்றுகொண்டு நின்றிருக்கிறேன். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அப்பா சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து வாசித்துவிட்டேன். அப்பா நல்லவர் ஓவியா. அவருக்கு இதெல்லாம் தெரியாது, போர்மேன்கள் மறைத்துவிடுகிறார்கள் என்று நினைத்துத்தான் வாசித்தேன்.

மூன்று விசில் வருகிற இடம் வரை கேட்டார். எழுந்து கை கழுவப் போனார். திரும்பி வந்து, "அந்தப் பிள்ளையோட அம்மா பேரு என்ன சொன்னே?" என்றார். வேலுத்தாய் என்றேன். துண்டில் கையைத் துடைத்தார். பிறகு, "ஆலங்குளத்துல இருந்தா இம்புட்டுத் தூரம் வர்றாக? பாவம். எம். புதுப்பட்டில நம்ம கம்பெனி ஒண்ணு இருக்குல்ல, அங்கன மாத்திவிடச் சொல்றேன். அவுகளுக்கும் வீட்டுக்குக் கிட்ட" என்று சொல்லி, என் முன்னாலேயே போர்மேனுக்குப் போன் போட்டார். வருகிற வியாழக்கிழமை முதல் உன் அம்மா வேலுத்தாய் அங்கே போகலாம். வேனில் ஒரு மணி நேரம் இடிபட வேண்டாம்.

ஜன்னலைப் பற்றியும் பார்க்கிறேன் என்றார்.

எழுதினால் என்ன நடக்கும் என்று முகாமில் முதல் நாள் நீதானே சாரிடம் கேட்டாய்? பார், நடந்துவிட்டது. நான் அழுதுவிட்டேன், தெரியுமா.

உன்
கீர்த்திகா


ஆலங்குளம்,
மே 24

கீர்த்திகா,

உன்னிடமே வைத்துக்கொள் என்று எழுதியிருந்தேன். ஒரு வரிதான். அதை நீ படிக்கவில்லையா, படித்தும் எனக்கு எது நல்லது என்று நீயே முடிவு செய்துவிட்டாயா?

புதன்கிழமை போர்மேன் எல்லார் முன்னாலும் அம்மாவைக் கூப்பிட்டு, "ஓம் மக பெரிய எழுத்துக்காரியாம்ல? மொதலாளி வீட்டுல சாப்பாட்டு நேரத்துல ஒங்கதைதான் ஓடுதாம்" என்றிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த ரூமில் ஒருத்தரும் அம்மாவிடம் பேசவில்லை. அவளோடு எட்டு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். அவளிடம் பேசினால் தங்களுக்கும் வேலை போய்விடும் என்று பயம்.

வீட்டுக்கு வந்து என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "ஏட்டி, என்னையக் கேட்டிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னாள். அடித்திருந்தால் தேவலை.

அந்த எம். புதுப்பட்டி இடம் உனக்குத் தெரியுமா? உன் அப்பா அதை ரத்தினசாமி என்பவருக்கு உள்குத்தகைக்கு விட்டிருக்கிறார். லைசென்ஸ் உன் அப்பா பேரில், வேலை நடத்துவது அவர். மேலே போய் வெடிக்கிற பேன்சி ரகம் செய்கிறார்கள். குத்தகை முடிவதற்குள் எடுத்தவரைக்கும் லாபம் என்று மதிய வெயிலிலும் தகரக் கொட்டகைக்குள் மருந்து கலக்குகிறார்களாம். மிச்ச மருந்தை அன்றன்றைக்கு அழிப்பதில்லை, மறுநாளைக்கு மூடி வைக்கிறார்கள். அம்மாவின் பேரை இன்னும் நோட்டில் ஏற்றவில்லை. "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாராம் ரத்தினசாமி. அங்கே விசில் உண்டா என்று கேட்டேன். "ஆபீசர் வந்தாத்தானடி விசில்" என்றாள்.

எங்கள் அம்மா பயந்து நான் பார்த்ததில்லை. நேற்று பார்த்தேன். போகாதே என்று அப்பாவும் சொன்னார். போகாமல் நின்றால் வேறு எந்தக் கம்பெனியிலும் சேர்க்கமாட்டார்கள். போர்மேன்களுக்குள் பேர் சொல்லிவிடுவார்கள்.

உன்மேல் எனக்கிருக்கிற கோபத்தை அப்புறம் எழுதுகிறேன். இப்போது ஒன்றே ஒன்று செய். அம்மாவைப் பழைய ரூமுக்கே மாற்றச் சொல். பதினொரு பேரோடு உட்கார்ந்துகொள்வாள், ஓடைக்கும் போவாள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே கேள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஓவியா


சிவகாசி,
மே 29

ஓவியா,

நாங்கள் கொடைக்கானல் போயிருந்தோம். நேற்று இரவுதான் வந்தோம். உன் கடிதம் மூன்று நாளாக ஹாலில் மற்றத் தபாலோடு கிடந்திருக்கிறது. எனக்கு என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

இன்றைக்குக் காலையிலேயே அப்பாவிடம் கேட்டேன். முதலில் கோபப்பட்டார். "கம்பெனி விஷயத்துல நீ ஏன் தலையிடுறே, போய் ப்ளஸ் டூ பாடத்தப் படி" என்றார். நான் நகரவில்லை. சாப்பிடமாட்டேன் என்று சொன்னேன். கடைசியில், "சனிக்கிழமையோட அங்கன ஒரு லோடு முடியுது. திங்கட்கிழமை அந்தம்மாவைப் பழைய இடத்துக்கே வரச் சொல்லிர்றேன், போதுமா?" என்றார். அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்டார்.

திங்கட்கிழமை ஓவியா. இடையில் இரண்டு நாள்தான். உன் அம்மாவிடம் சொல். என்னை மன்னிக்க வேண்டாம், அவரிடம் சொன்னால் போதும்.

கீர்த்திகா


ஆலங்குளம்,
ஜூன் 9

கீர்த்திகா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி இருக்கும். எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்று நினைத்து நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் ஜன்னல் அதிர்வது பழக்கம். எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகுதான் தெருவில் சத்தம் கேட்டது.

ஐந்து பேர். கணுக்காலில் இருந்த பழைய தழும்பை வைத்து அப்பா அடையாளம் சொன்னார். என்னைப் பார்க்கவிடவில்லை. நான் பார்த்திருக்க வேண்டும். விடவில்லை.

ஆஸ்பத்திரியில் பட்டியல் ஒட்டினார்கள். நாலு பேர்தான் இருந்தது. ஐந்தாவது 'அடையாளம் தெரிந்த பெண், தொழிலாளி என உறுதியாகவில்லை.' பழைய கம்பெனி நோட்டில் அம்மா பேருக்கு நேரே 'மே 21, தானாக நின்றுவிட்டார்' என்று எழுதியிருக்கிறார்கள். புதுப்பட்டி நோட்டில் பேரே இல்லை. ரத்தினசாமியைக் காணோம். உன் அப்பா, அப்படி ஒரு பெண்ணைத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்.

விசாரணைக்கு வந்த வருவாய்க் கோட்டாட்சியர், அந்த ஆர்.டி.ஓ., எங்களை உட்கார வைத்துத்தான் பேசினார். "அவங்க அங்க வேலை பாத்தாங்கன்னு சொல்ல உங்ககிட்ட என்னம்மா இருக்கு? ஏதாவது ஒரு சீட்டு, கார்டு?" என்று கேட்டார். அம்மாவின் போனும் அவளோடு போய்விட்டது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் உள்ளே போய் உன் மே 19 கடிதத்தை எடுத்து வந்து கொடுத்தேன். அவளை அங்கே அனுப்பியது யார் என்று எழுதிய காகிதம் இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

உன்னைக் கேட்காமல் கொடுத்தேன். கேட்க நேரமில்லை, இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்று தெரியாது.

உன்னிடம் வருவார்கள். நீ எழுதியதை நீதான் எழுதினாய், நடந்ததைத்தான் எழுதினாய் என்று சொல். உன் அப்பாவைத் திட்ட வேண்டாம், எனக்காக அழ வேண்டாம். எங்கள் அம்மா வேலைக்குத்தான் போனாள் என்று ஒரு இடத்தில் எழுதியிருக்க வேண்டும். அது போதும் எனக்கு.

ஓவியா


சிவகாசி,
ஜூன் 20

ஓவியா,

இதற்கு முன் ஏழு தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுவேன்.

உன் அம்மாவுக்காக அழுதேன் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

ஆர்.டி.ஓ. வீட்டுக்கு வந்தது பதின்மூன்றாம் தேதி. அதற்கு முந்தின நாள் வக்கீல் வந்தார். என் கடிதம் நிரூபணமானால் அப்பா ஜெயிலுக்குப் போவார், லைசென்ஸ் போகும், அதை நம்பியிருக்கிற இருநூறு குடும்பம் தெருவுக்கு வரும் என்றார். அம்மா பூஜை அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். அப்பா என் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "என்னையக் காப்பாத்து தாயி" என்றார்.

வக்கீல் என்னிடம் மெதுவாகத்தான் பேசினார். "முகாம்ல கொடுத்த பயிற்சிதானே பாப்பா? பயிற்சின்னா கற்பனை கலந்துதானே எழுதுவீங்க?"

மறுநாள் ஆர்.டி.ஓ. கேட்டபோது, ஆமாம், பயிற்சிக்காகக் கற்பனையாக எழுதியது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படின்னா அந்தம்மா அங்க எதுக்கும்மா போனாங்க?" என்றார். இந்தக் கேள்விக்கு வக்கீல் பதில் சொல்லித் தரவில்லை ஓவியா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானேதான் சொன்னேன். "விறகு பொறுக்கப் போயிருப்பாங்க."

அவர் அதை எழுதிக்கொண்டார்.

பிறகு சபரிநாதன் சார் முகாம் புத்தகத்துக்கு நம் கடிதங்களைக் கேட்டு வந்தார். அப்பாவோடு ஆபீஸில் அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். முதல் மூன்றையும் கொடுத்துவிட்டேன், என்னுடையதை நோட்டில் இருந்த நகலிலிருந்து.

ஆனால் நீ ஏன் என்னைக் கேட்காமல் அதைக் கொடுத்தாய்? நான் உன் கடிதத்தை அப்பாவிடம் காட்டியது தப்பு என்றால் நீ செய்ததும் அதுதானே? உனக்கு அம்மா போனதுபோல எனக்கு அப்பா போயிருப்பார். இந்த வரியை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருக்கிறேன். நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியட்டும்.

கீர்த்திகா


ஆலங்குளம்,
ஜூலை 6

கீர்த்திகா,

ஜெயிலுக்குப் போனவரைப் போய்ப் பார்க்கலாம், ஒருநாள் திரும்பி வருவார். இதற்கு மேல் அந்த வரிக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நீ சொன்னது ஊருக்கு வந்து சேர இரண்டு நாள்கூட ஆகவில்லை. உங்கள் வக்கீலின் குமாஸ்தா ஒரு தாளோடு வந்தார். எங்கள் சொந்தக்காரர்களே அப்பாவிடம், "மொதலாளி மகளே சொல்லிருச்சு. இனி நாம என்னத்தச் சொல்லி என்ன ஆகப்போகுது, வெள்ளைத்துரை? கையெழுத்தப் போட்டுட்டு மத்த காரியத்தப் பாரு" என்றார்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று நான்தான் வாசித்துக் காட்டினேன். 'என் மனைவி விறகு பொறுக்குவதற்காக அவ்வழியே சென்றபோது.' அப்பா மறுபடி ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஒவ்வொரு எழுத்தாக வெகுநேரம் கையெழுத்துப் போட்டார்.

உன்னை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். முடியவில்லை. நன்றாக எழுத வேண்டும், சார் கண்ணாடியைத் துடைக்க வேண்டும், உனக்கு வயிறு எரிய வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன். அம்மாவைக் கேட்கவில்லை. நான் எழுதாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் ஆறரைக்கு வேன் ஏறியிருப்பாள். ப்ளஸ் டூ வகுப்புக்கு ஒருநாள் போனேன். தமிழ் டீச்சர் கட்டுரை நோட்டை எடுக்கச் சொன்னதும் எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் போகவில்லை. வீட்டில் காகிதக் குழாய் சுருட்டுகிறேன்.

முகாம் புத்தகம் நேற்று வந்தது. திருத்தங்கலில் அச்சடித்திருக்கிறார்கள், அட்டை பளபளவென்று இருக்கிறது. 'கற்பனைக் கடிதங்கள்' என்ற பகுதியில் நம்முடைய மூன்றும் இருக்கின்றன. ஒரு எழுத்து மாற்றவில்லை. மாற்ற வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. முதல் பக்கத்தின் அடியில், இந்நூலில் வரும் பெயர்களும் சம்பவங்களும் யாவும் கற்பனையே என்று போட்டிருக்கிறார்கள்.

அப்பா வேலையிலிருந்து வந்து புத்தகத்தைக் கேட்டார். நம் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். வாசலில் வெளிச்சத்துக்கு உட்கார்ந்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டே போனார். ரொம்ப நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். விரல் அம்மா பேரின்மேல் இருந்தது.

"வேலுத்தாய்னுதானே போட்டிருக்கு? மருந்து செலுத்துற ரூம்ல இருக்கான்னும் போட்டிருக்குல்ல?"

"ஆமாப்பா."

"அச்சுலயே வந்திருச்சு. இனி ஆரும் அவ வேலைக்குப் போகலன்னு சொல்ல முடியாதுல்ல தாயி?"

முடியாது என்று சொல்லிவிட்டேன். முதல் பக்கத்தை அவருக்கு நான் வாசித்துக் காட்டவில்லை.

எனக்கு இனி எழுதாதே.

ஓவியா